மூடிய கடையின் துணிகள்

வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் டோக்கன்காரரின் மனைவி அதைப் பிரிக்க மாட்டாள். வாசல் பெட்டியிலிருந்து இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கி வந்து, அவர் சாப்பிட உட்காரும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள்.

"உங்க சம்பந்தி கடுதாசி போட்டிருக்காரு" என்பாள்.

மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. "நெஜ சம்பந்தி வந்தாக்கூட இவ்வளவு அக்கறையா விசாரிக்க மாட்டாரு" என்று வேறு சேர்த்துக்கொள்வாள். அவர் சிரிக்கப் பார்ப்பார். தண்ணீரைக் குடித்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொல்வார்: "தப்பா வந்திருக்கு. போய்ச் சொன்னா சரி பண்ணிடுவாங்க."

டோக்கன்காரர் என்பது கடைத்தெரு வைத்த பெயர். அங்கே பல வருடம் டிரை கிளீனிங் கடை நடத்தியவர் அவர். எந்தத் துணி உள்ளே வந்தாலும் அதன் உள்பட்டியில் நம்பர் போட்ட நீலத் துணிச்சீட்டு ஒன்றைக் குத்துவார். அதன் ஜோடிச் சீட்டை வாடிக்கையாளரிடம் கொடுப்பார். அந்தச் சீட்டு திரும்பி வராமல் துணி வெளியே போகாது. சொந்த மச்சான் தன் கல்யாண கோட்டை வாங்க வந்து, சீட்டைத் தொலைத்துவிட்டேன் மாமா என்று கெஞ்சியபோதுகூட, வீட்டுக்குப் போய்த் தேடிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை வராமல் மணமேடை அல்லாடியது. மச்சான் இன்றைக்கும் அந்தக் கோபத்தில்தான் இருக்கிறான். கேட்டால், "துணி நம்மளோடது இல்ல. நம்மகிட்ட தங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்பார்.

இப்பேர்ப்பட்ட மனுஷன்தான் திவாலானார். பெரிய மெஷின் ஒன்றைக் கடனுக்கு வாங்கினார். அதை நம்பி ஒரு பெரிய ஓட்டலின் விரிப்புகளையும் திரைகளையும் வெளுக்க ஒப்புக்கொண்டார். ஓட்டல்காரன் இதோ அதோ என்று இழுத்தடித்துவிட்டுக் கைவிரித்தான். வங்கிக்குக் கட்டப் போய் வாடகை நின்றது, வாடகையைக் கட்டப் போய் வரி நின்றது. கடைசியில் மஞ்சக் கடுதாசி கொடுப்பதைத் தவிர வழி இல்லாமல் போயிற்று. கோர்ட்டு விசாரித்தது. ரிசீவர் என்று ஒருவரை நியமித்தது. அவர் வந்து மெஷின், மேஜை, சுவரில் அடித்திருந்த ஹேங்கர் கம்பி வரை எழுதி எடுத்துப் போனார். எல்லாம் முடிந்தபின் கோர்ட்டு ஓர் உத்தரவு கொடுத்தது. இத்தோடு இவருடைய பழைய கடன்கள் தீர்ந்தன, வரி பாக்கியும் அதில் அடக்கம் என்று அதில் தெளிவாக இருந்தது. டோக்கன்காரர் அதை லேமினேட் செய்து, கைப்பிடி வைத்த ஒரு ரெக்சின் பையில் போட்டு வைத்துக்கொண்டார். தெருவில் எதிரே வந்த பழைய சிநேகிதர்கள் மட்டும் அவரைக் கண்டால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார்கள். அதற்கு எந்தக் கோர்ட்டும் உத்தரவு போட முடியாது.

ரிசீவர் எடுக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். வாங்க ஆள் வராமல் தொங்கிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்களின் துணிகள்.

"இது உங்க சொத்து இல்லைங்க. கடனுக்கு ஆகாது. உரியவங்ககிட்ட சேர்த்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னதும் சொன்னார், டோக்கன்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கையறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். "ஊர்க்காரங்க எல்லாம் தலை இல்லாம வந்து நிக்கிற மாதிரி இருக்கு. எப்படிங்க தூங்குறது?" என்று மனைவி சண்டை பிடித்தாள். பூச்சி வராமல் உருண்டை போட்டார், மாதம் ஒருமுறை உதறிக் காயவைத்தார்.

பிறகு மகள் கடை போட்டாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வருடக்கணக்காக வேலை பார்த்துச் சேர்த்த பணம். அதே கடைத்தெருவின் மறுமுனையில் ஒடுக்கமான ஓர் அறை, பழைய மெஷின் ஒன்று, நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்று. கடை அவள் பெயரில், பதிவு அவள் பெயரில், வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில். டோக்கன்காரர் அங்கே இஸ்திரி போடும் ஆள். சேர்ந்த அன்றைக்கே மகளிடம் சொல்லிவிட்டார்: "என் சகவாசம் உன் கடைக்கு ஆகாது கண்ணு. நான் இங்க கூலிக்காரன். யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு." அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள இனி எவனுக்கும் எதுவும் இல்லை. மகளிடம் இருந்தது. அவருடைய பயமெல்லாம் அந்த ஒன்றைப் பற்றித்தான்.

ஆனாலும் அவரோடு இரண்டு விஷயங்கள் அந்தக் கடைக்குள் வந்துவிட்டன. ஒன்று, பழைய கடையின் தொலைபேசி எண். பழைய வாடிக்கையாளர்கள் தேடி வருவார்களே என்று மகள்தான் அதை வாங்கிப் போட்டாள். இன்னொன்று, அந்தத் துணிகள். கடையின் பின்சுவரில் தனியாக ஒரு கம்பி அடித்து, நீலச் சீட்டுகளோடு வரிசையாக மாட்டினார். அவ்வப்போது யாராவது நிறம் போன ஒரு சீட்டோடு தயங்கித் தயங்கி வருவார்கள். அவர் ஒரு காசு வாங்க மாட்டார். "அது அந்தக் கடைக் கணக்கு. அந்தக் கடை இப்ப இல்ல" என்று சொல்லித் துணியை மடித்துக் கொடுப்பார். அன்று முழுக்க அவர் நடையே வேறாக இருக்கும்.

கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. முதல் கடிதத்துக்குப் போனபோது வரி அலுவலக ஜன்னலில் இருந்தவர் உத்தரவைப் புரட்டிப் பார்த்து, "இது எங்க சிஸ்டத்துல ஏறலை போல. விட்டுடுங்க" என்றார். விட்டார். அடுத்தது அதே தொகைக்கு வட்டி போட்டு வந்தது. போனார். வேறொருவர் இருந்தார், அவரும் விட்டுடுங்க என்றார். அதற்கடுத்தது அபராதத்தோடு வந்தது. ஆரம்பத்தில் 'தயவுசெய்து' என்று ஒரு வார்த்தை இருந்தது. அது எப்போது காணாமல் போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. போகிற இடத்தில் எல்லாரும் தப்பு என்று ஒத்துக்கொண்டார்கள். யாரும் மறுக்கவில்லை. தப்பு தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

பிறகு வந்த கடிதத்தில் புதிதாக ஒரு வரி. அவர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள பொருள்கள் ஜப்தி செய்யப்படலாம். 'வேலை செய்யும் இடத்திலோ' என்பதை அவர் விரலை வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தார். அந்தக் கடிதத்தை மகளிடம் காட்டவில்லை. அதே வாரம் எதிர்ச்சாரியில் நின்று ஒருவன் கடையின் பலகையைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "நம்ம கடை பேமஸ் ஆயிடுச்சுப்பா" என்று மகள் சிரித்தாள். இஸ்திரிப் பெட்டியை அவர் சட்டை மேலேயே வைத்துவிட்டார். நல்லவேளை, ஓரத்தில் லேசாகக் காந்தியதோடு போயிற்று.

மறுநாள் ரெக்சின் பையோடு போனார். இந்தமுறை ஜன்னலில் ஒரு அம்மா இருந்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி கொடுத்தார். அந்த அலுவலகத்தில் டோக்கன்காரர் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. அந்த அம்மா மெல்லிய துப்பட்டாவைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு, பேப்பர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நிஜமாகவே படித்தார்.

"உங்க கோர்ட்டு ஆர்டர் வசூல் செக்ஷன்ல இருக்குங்க. கணக்கு செக்ஷனுக்கு அது வரவே இல்ல. அதனால மெஷின் தானா அடிச்சு அனுப்பிட்டே இருக்கு."

"அதை யாருகிட்ட மேடம் சொல்லணும்?"

"மெஷின்கிட்ட சொல்ல முடியாதே" என்று அந்த அம்மா சிரித்தார். டோக்கன்காரரும் சிரித்தார். அதிகாரி சிரித்தால் சிரித்துவிடுவது நல்லது.

"கடை மூடினது உண்மைதான்னு எங்க ஆளு ஒருத்தர் நேர்ல பாத்து எழுதிட்டா, அந்தக் கணக்கையே மூடிடலாம். பாக்கி இல்லைன்னு சர்டிபிகேட்டே குடுத்துடுவேன். மூடிட்டீங்கதானே? கடை பேர் என்ன?"

பெயரைச் சொன்னார். அந்த அம்மாவின் பேனா நின்றது.

"அந்தக் கடையா? ஐயோ, என் ஸ்வெட்டர் அங்கதான் போச்சு! எங்கம்மா பின்னிக் குடுத்தது. வாங்கப் போனா பூட்டு தொங்குது. அழுதேவிட்டேன் தெரியுமா? சீட்டு இன்னும் பர்ஸ்லதான் இருக்கு."

இந்த இடத்தில் அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடமாக அவரைக் கடன்காரன் என்று எழுதிக்கொண்டிருக்கும் கட்டடம் அது. அதற்குள் உட்கார்ந்துகொண்டு, நான் யார் பொருளையும் விழுங்கவில்லை என்று சொல்ல ஒரு வாய்ப்பு. அந்த மனுஷனால் எப்படி விட முடியும்?

"போகலை மேடம்" என்றார். "பாசி கலர்தானே? கழுத்துப் பட்டன் ஒண்ணு தொங்கிட்டிருந்துச்சு, தச்சு வச்சிருக்கேன். பத்திரமா இருக்கு."

"எங்க இருக்கு?"

"எம் மக கடையில மேடம். எப்ப வேணாலும் சீட்டைக் கொண்டு வாங்க."

"அந்தத் துணியெல்லாம் அங்க இருக்கா? எல்லாமேவா?"

"எல்லாமே மேடம். ஒரு கைக்குட்டைகூடத் தொலையலை."

அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கோப்பில் ஏதோ எழுதினார். ஸ்வெட்டருக்காகத்தான் விலாசம் எழுதிக்கொள்கிறார் என்று டோக்கன்காரர் நினைத்தார். எழுத்துக்கூட்டி மகளின் பெயரையும் சொன்னார்.

அன்று இரவு சாப்பிடும்போது நடந்ததை மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அவள் குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பட்டனைத் தச்சீங்க, சரி. அப்படியே வாயையும் தச்சுக்கிட்டுப் போயிருக்கலாம்ல?"

"உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம். அந்தம்மா தங்கமானவங்க."

அடுத்த வாரம் கடைக்கு ஒருவர் வந்தார். மகள் ஒரு வீட்டுக்குத் திரைகளைக் கொடுக்கப் போயிருந்தாள். வந்தவர் சட்டையைப் பார்த்ததுமே வீட்டு இஸ்திரி என்று டோக்கன்காரருக்குத் தெரிந்துவிட்டது, காலரில் இரட்டை மடிப்பு. வந்தவர் ஒரு நீலச் சீட்டை நீட்டினார்.

"மேடம் அனுப்பினாங்க."

டோக்கன்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்வெட்டரை எடுத்து, ஒரு தட்டு தட்டி, நீராவி காட்டி, தாளில் சுற்றினார்.

"எவ்வளவுங்க?"

"ஒண்ணும் வேணாம் சார். அது அந்தக் கடைக் கணக்கு."

"இல்லைங்க. பணம் குடுத்து பில் வாங்கிட்டுத்தான் வரணும்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க. ஒருத்தருக்குக் கடன்பட்டு இருக்கறது மேடத்துக்குப் பிடிக்காது."

அந்த வார்த்தை அவரைச் சாய்த்துவிட்டது. கடன்படப் பிடிக்காத ஒரு ஜீவனை எப்படிக் கடனாளியாக அனுப்புவது? அதன் வலி அவருக்குத் தெரியாதா? மகளின் பில் புத்தகத்தை எடுத்தார். பழைய விலையைப் போட்டார். அவர்தான் டோக்கன்காரராயிற்றே, பழைய கடையின் பெயரையும் நீலச் சீட்டின் நம்பரையும் ஒழுங்காக மேலே எழுதினார். மகளின் கடை முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட்டார். வந்தவர் பில்லை முழுக்கப் படித்தார். ஸ்வெட்டரைப் பையில் போட்டார். பில்லை மட்டும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பின்னாடி நீலச் சீட்டோட தொங்குறதெல்லாம் பழைய கடைதுங்களா?"

"ஆமாங்க."

"போன் நம்பரும் அதே நம்பர்தானே?"

"அதேதான் சார். சனங்க தேடி வரணுமில்ல."

"ரொம்ப நேர்த்தியா வச்சிருக்கீங்க. ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

அவர் வேலையை ஒருவர் மெச்சி எத்தனையோ காலமாகிவிட்டது. ஒரு நிமிஷம் இருங்க சார் என்று ஓடிப்போய், எல்லாச் சீட்டும் முன்பக்கம் தெரியும்படி ஹேங்கர்களைத் திருப்பி வைத்தார். ஒதுங்கி நின்றார். நீங்களும் நில்லுங்க என்றார் வந்தவர். நின்றார்.

மகள் வந்ததும் பில் புத்தகத்தைப் புரட்டினாள். "என்னப்பா இது? நம்ம பில்லுல பழைய கடை பேரைப் போட்டிருக்கீங்க?"

"பில் இல்லாம வாங்க மாட்டேன்னுட்டாங்க கண்ணு. காசு கல்லாவுல இருக்கு."

அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி விடுங்க என்றாள். ஆனால் அந்த ரூபாய் நோட்டை மற்ற நோட்டுகளோடு சேர்க்காமல் கல்லாவின் ஓரத்தில் தனியாகவே வைத்திருந்தாள்.

அதன்பின் கடிதம் வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, இன்னொரு மாதமும் போயிற்று. "சம்பந்திக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ" என்றாள் மனைவி. டோக்கன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நன்றாகத் தூங்கினார். வாசல் பெட்டி அசையும் சத்தத்துக்கு அவள்தான் இன்னும் திடுக்கிட்டு எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

கடிதம் வந்தது. வீட்டுக்கு வரவில்லை, கடைக்கு வந்தது. மகள் பெயருக்கு.

அவள் பிரித்துப் படித்துவிட்டு அவரிடம் நீட்டினாள். மேற்படி மூடப்பட்டதாகச் சொல்லப்படும் கடையின் துணிகள், வாடிக்கையாளர்கள், தொலைபேசி எண், பணியாளர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அதே தொழிலைத் தொடர்ந்து நடத்தி வருபவர் என்ற முறையில், அந்தக் கடையின் வரி பாக்கி முழுவதையும் வட்டி, அபராதத்துடன் தாங்கள் செலுத்த வேண்டும். ஆதாரமாக ஒரு பில்லின் எண்ணும் ஒரு புகைப்படமும் இணைக்கப்பட்டிருந்தன. கெடு தவறினால் கடைக்கு முத்திரை வைக்கப்படும். புகைப்படத்தில் நீலச் சீட்டுகள் எல்லாம் முன்பக்கம் பார்த்திருந்தன. பக்கத்தில் கைகட்டிக்கொண்டு அவர் நின்றார். அந்தப் பட்டியலில் பணியாளர் என்பதும் அவர்தான். தொலைபேசி எண்ணுக்கு அடுத்து.

ரெக்சின் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார். எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே நினைவில்லை. அந்த அம்மா அதே இடத்தில் இருந்தார். பாசி நிற ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"வாங்க வாங்க. நானே கூப்பிட்டுச் சொல்லணும்னு இருந்தேன். நல்ல சேதி" என்று மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. இவர் பெயரில் வரி பாக்கி எதுவும் இல்லை.

எத்தனையோ வருடமாக அவர் அலைந்தது இந்த ஒரு தாளுக்காகத்தான்.

"மேடம், எம் மகளுக்கு..."

"அது அவங்க பேர்ல இருக்கிற கணக்குங்க. நான் உங்ககிட்ட பேசக் கூடாது. அவங்கதான் வரணும்."

"அந்தப் பாக்கியே தப்புன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? கோர்ட்டு ஆர்டர் இருக்குல்ல?"

"உங்களுக்கு இருக்கு. அந்த ஆர்டர் உங்களை விடுவிச்சுது." அந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். குரலில் கோபமோ ஏளனமோ இல்லை. "உங்க மக திவாலாகலையே?"

அவர் எழுந்தார். அந்த அம்மா கழுத்துப் பட்டனைத் தொட்டுக் காட்டி, "ரொம்ப நல்லா தச்சிருக்கீங்க" என்றார்.

கடைக்குத் திரும்பியபோது மனைவி மதியச் சாப்பாட்டோடு வந்திருந்தாள். மேஜை மேல் உறை கிடந்தது. அதில் இருந்த பெயரைப் படித்திருந்தாள். அடுக்குப் பாத்திரத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை.

டோக்கன்காரர் நேரே பின்சுவருக்குப் போனார். கம்பியிலிருந்து துணிகளை அள்ளினார். கை கொள்ளாமல் அள்ளிய பிறகுதான் எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. வீட்டில் வைத்தாலும் கேட்பார்கள். எரிக்கலாம், குப்பையில் போடலாம். ஆனால் துணி அவருடையது இல்லையே. அத்தனையையும் மார்போடு அணைத்தபடி அங்கேயே நின்றார். பூச்சி உருண்டை வாசம் மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்ததற்கு அதுவே காரணமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மகள் வந்து அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி மறுபடி கம்பியில் மாட்டினாள். சீட்டுகளைத் திருப்பி ஒழுங்காக வைத்தாள். பிறகு கடிதத்தை எடுத்து மடித்தாள்.

"ஏம்ப்பா இப்படி ஆடிப் போயிட்டீங்க? தப்பா வந்திருக்கும். போய்ச் சொன்னா சரி பண்ணிடுவாங்க."

அவர் அவளையே பார்த்தார். அவளுக்குத் தைரியம் இருந்தது, நம்பிக்கை இருந்தது, சொல்கிற தோரணைகூட அச்சாக அவருடையதே. வேண்டாம், அங்கே போகாதே என்று கத்த வேண்டும் போல் இருந்தது. போகாவிட்டால் முத்திரை வைப்பார்கள்.

"நாளைக்கே போறேன்" என்றாள். "பேப்பரெல்லாம் வச்சு எடுத்துட்டுப் போக நல்ல பையா ஒண்ணு இருந்தா குடுங்கப்பா."

அவரிடம் இருந்தது. தன் கோர்ட்டு உத்தரவை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, ரெக்சின் பையை அவளிடம் கொடுத்தார்.